மூன்று பெல்லு

லாசர் அண்ணன் எங்கே போனாலும், போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் போடுவார். மூன்று முறை மணி அடிக்கும், நின்றுவிடும். நான் எடுக்கக் கூடாது. போன வாரம் ஒரு காலையில் அவருடைய நம்பரிலிருந்து வந்த போன் நான்காம் முறையும் அடித்தது. எடுத்தேன். அவர் மருமகன் பேசினான். "பாய், மாமா போய்ட்டாரு." ரோட்டிலும் இல்லை, கடலிலும் இல்லை. நெஞ்சுவலி என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்தவர், கட்டிலிலேயே முடிந்துபோனார்.

கோவளத்தில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்த்தவரை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் டீசல் வாசனையோடுதான் போவார். பாதருக்கு அடிக்கடி தும்மல் வந்ததே அதனால்தான் என்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், வேலை மந்தமான ஒரு சமயம், பைக்கில் ஒண்டியாகக் கல்கத்தா வரை போகப்போவதாகச் சொன்னார். ஆந்திரா, ஒரிசா, வங்காளம், எல்லாம் கடலோரமாகவே.

"மேப்பு இல்லாமயா அண்ணாத்த? தடா தாண்டுனா தெலுங்குல வழி கேக்கணுமே."

"போறப்ப கடல் சோத்தாங்கை பக்கம், வரப்ப பீச்சாங்கை பக்கம். இதுக்கு இன்னாத்துக்கு பாய் மேப்பு?"

பாதி ரோட்டில் கடலே கண்ணில் படாது என்பதைத் திரும்பி வந்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

அவர் மனைவி செசிலி அக்கா சிரிக்கவில்லை. "கடல்ல நாலு பேரா போறீங்க. ஒருத்தனாவது கரைக்கு வந்து இன்னா ஆச்சுன்னு சொல்லுவான். ரோட்ல ஒண்டியா போனா யாரு வந்து சொல்லுவா?"

அண்ணன் போய்த் திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அக்கா வாயை மூடிக்கொண்டார். அப்போது எங்கள் தெருவில் எஸ்.டி.டி. பூத் என்னுடையது. கிளம்புகிற அன்று அண்ணன், அக்காவுக்குக் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார்: "பொழுது சாயச்சொல்ல டெய்லி உன் பூத்துக்கு மூணு பெல்லு வுடுவேன். எடுக்காத. நான் கீறேன்னு அர்த்தம்."

தினமும் சாயங்காலம் அக்கா வந்து ஸ்டூலில் உட்காருவார், வேறு எதற்கோ வந்தவர் மாதிரி ரோட்டைப் பார்த்தபடி. மூன்று அடித்ததும் புடவையை உதறிக்கொண்டு போய்விடுவார். என் பூத்துக்குப் பைசா பிரயோஜனம் இல்லாத போன்.

ஒரிசா பக்கம் எங்கேயோ இருந்தபோது ஒரு நாள் போன் வரவில்லை. நான் ஷட்டரை இறக்கும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை. மறுநாள் ஜெபமாலையோடு வந்தார். துபாய் மகனின் போனுக்காகக் கோயில் உபதேசியாரும் அங்கே காத்திருந்தார். மணி அடித்தது. இரண்டாவது மணியிலேயே உபதேசியார் பாய்ந்து எடுத்து, "ஏம்பா ராசா!" என்றார்.

அந்தப் பக்கத்து அலறல் பூத்துக்கு வெளியே கேட்டது. "ஐயோ உபதேசியாரே, போனை வைங்க! இன்னும் ஒரு பெல்லு பாக்கி கீது!"

அக்கா ரிசீவரைப் பிடுங்கினார். "நேத்து இன்னா ஆச்சு?"

"பேய் மழை. லைன் கட்டாயிடுச்சி. மீன்காரங்க வூட்ல படுத்துகினு இருந்தேன்."

"எத்தினி பேரு இருந்தாங்க?"

"நாலு பேரு."

"சரி. வச்சிட்டு ஒழுங்கா அடி."

மறுபடி அடித்தது. உபதேசியார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். மூன்றும் முழுசாக முடிந்த பிறகே அக்கா எழுந்தார். அன்றைக்குப் பேசியதை வைத்து யாராவது அக்காவைச் சீண்டினால் அண்ணன் விடமாட்டார். "அது டெலிபோன் பாய், பேச்சுல சேராது" என்பார்.

செல்போன் வந்தது, பூத்தை மூடி அதே இடத்தில் கடை போட்டேன். பழக்கம் மட்டும் நிற்கவில்லை. மாமல்லபுரத்துக்கு ஒரு நட்டு வாங்கப் போனாலும் மூன்று பெல்லு.

"கல்கத்தா போனவரு இதுக்கெல்லாமா போன் அடிக்கணும்?"

"தூரம் கிடக்கட்டும் பாய். ஒண்டியா வந்தேன் இல்ல?"

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், யார் துணைக்கு வருகிறேன் என்றாலும் கேட்காமல், செசிலி அக்கா ஒண்டியாகச் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கு பஸ் ஏறினார். பொழுது சாயும் நேரம் என் செல்லில் அண்ணனுடைய நம்பர் வந்தது. கடையில் இருந்தவர்கள், "எடு பாய், எடு" என்றார்கள்.

லாசர் அண்ணன் எனக்குப் பழக்கிவிட்டுப் போனது இது ஒன்றுதான். கையைக் கட்டிக்கொண்டு, மூன்றும் முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன்.