சிவப்புக்குப் போன முள்

எனக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்ன முதல் ஆசாமி ஒரு முள். என் அப்பாவின் பழைய வேனில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், வட்டக் கண்ணாடிக்குள் குடியிருந்தது. இஞ்சின் கொதித்தால் அது சிவப்புக் கோட்டுக்குப் போகும்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். வெள்ளானூரிலிருந்து கல்யாண வீடுகளுக்கு அண்டாவும் நாற்காலியும் வாடகைக்குக் கொண்டுபோவார். அந்த வேன் தினம் ஒரு குடம் தண்ணீர் குடிக்கும். காலையில் ரேடியேட்டரில் அதை ஊற்றுவது என் வேலை. ஒன்பது வயதில் எனக்கிருந்த ஒரே உத்தியோகம்.

ஒருநாள் ஆவடி மார்க்கெட் அருகே முள் சிவப்புக்குப் போயிற்று. நைனா மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்னைக் கீழே இறக்கி, பூக்காரியிலிருந்து பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரை எல்லோரும் பார்க்க, பளாரென்று ஒன்று விட்டார்.

"தண்ணி ஊத்தாம ஏமாத்திகினு கீறியா?"

"ஊத்துனேன் நைனா, சத்தியமா!"

"அப்ப முள்ளு இன்னா பொய்யா சொல்லுது?"

அரைமணி கழித்து மூடியைத் திறந்தார். தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அதற்கும் திட்டு. "இவ்ளோவா ரொப்புவ?"

மறுநாளிலிருந்து நான் ஊற்றியதும் அவரே வந்து மூடியைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தார், தெருவே வேடிக்கை பார்க்க. முள் என்னவோ தினமும் சிவப்புக்குத்தான் போயிற்று. எனக்குள் கொதித்த கொதிப்புக்கு ஒரு முள் வைத்திருந்தால் கண்ணாடியே தெறித்திருக்கும்.

நான்காம் நாள், பூந்தமல்லியில் மெக்கானிக் பாயிடம் போனோம். பாய் வண்டியை நன்றாக ஆறவிட்டார். பிறகு இஞ்சினில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே சாவியைத் திருப்பச் சொன்னார். முள் விருட்டென்று சிவப்புக்குத் தாவியது.

"இஞ்சினு ஜில்லுனு கீது, முள்ளு மட்டும் கொதிக்குது பாரு!"

இஞ்சினில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பித்தளைச் சாமான் இருந்தது. சூட்டைத் தொட்டுப் பார்த்து முள்ளுக்குக் கோள் சொல்வது அதுதான். அதிலிருந்த ஒயரைப் பிடுங்கினார். முள் பொத்தென்று விழுந்தது.

"சென்சார் போச்சு அண்ணாத்தே. கொயந்தைய போட்டு ஏன் அடிச்ச?"

புதிதை உடனே மாட்டிவிடவில்லை. டீக்கடையில் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி, ஒயர் கொடுத்து அதில் முக்கினார். முள் மெதுவாக, மரியாதையாக ஏறியது. அப்புறம்தான் இஞ்சினில் திருகினார்.

நான் நைனாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை வரும் என்று. வந்தது பீடிப் புகை.

அடித்தது நடுமார்க்கெட்டில். என்மேல் தப்பில்லை என்று ஆனது மட்டும் பாய் கடையின் மூலையில். எனக்கு வந்த ஆத்திரத்தில், மறுநாள் குடத்துத் தண்ணீரை வேலியோரக் கனகாம்பரத்துக்கு ஊற்றினேன். அதற்கடுத்த நாளும், அதற்கும் அடுத்த நாளும். செடிக்கு வாழ்வு வந்தது. அந்த மூன்று நாளும் வேனுக்குப் பக்கத்துத் தெரு ஓட்டம்தான்; முள் ஏறவில்லை. நைனா ஒருநாள்கூட மூடியைத் திறந்து பார்க்கவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். அண்டாக்களோடு போய்க்கொண்டிருந்தோம். பாரிவாக்கம் தாண்டும்போது முள் ஏறியது. நைனா முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்துன இல்ல பாப்பா?"

"ஊத்துனேன் நைனா."

"அப்ப இதுவும் டுபாக்கூரு சென்சார்தான்" என்று கண்ணாடியில் ஒரு தட்டு தட்டிவிட்டு, வண்டியை அழுத்தினார்.

பூந்தமல்லி எல்லையில் புகை கக்கி நின்றது வேன். கல்யாணச் சமையல்காரர் சைக்கிளில் பறந்து வந்தார்.

"அண்டா எங்கய்யா? சாம்பார இன்னா உன் மண்டைலயா வெக்கிறது?"

ஆள் விட்டுக் கூட்டிவந்த பாய், துணியைச் சுற்றி மூடியைத் திறந்தார். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.

"இஞ்சினே போச்சே அண்ணாத்தே! முள்ளு கரீட்டா காட்டிச்சே, பாக்கல? யாரு தண்ணி ஊத்துறது?"

நைனா என் பக்கம் திரும்பினார். நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டேன்.

"நான்தான் பாய். மறந்துட்டேன்" என்றார்.

இவ்வளவு பெரிய ஆள் ஒரு மெக்கானிக்குக்குப் போய் இப்படிப் பயப்படுகிறாரே என்று, பஸ்ஸில் வீடு திரும்பும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். அந்த வயதில் எனக்கு எட்டியது அவ்வளவுதான்.