பூச்சியை விழுங்கிய பெயர்

ரயில் பாலத்துக்குக் கீழே இப்போது வண்டிகளை நிறுத்துகிறார்களே, அங்கேதான் அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பெயர், மூட்டைப்பூச்சிச் சந்தை. செத்தவர் கட்டிலும் வாழ்ந்து கெட்டவர் மெத்தையும் வந்து சேர்கிற இடத்துக்குப் பூச்சி மட்டும் வராமல் இருக்குமா? கட்டில்காரம்மாவின் கடை மூன்றாவது தூணடியில். வாங்கிய கட்டிலை வெயிலில் கவிழ்த்துப் போட்டு, பொருத்துகளில் கொதிநீர் ஊற்றி, ஒருநாள் தானே படுத்துப் பார்த்த பிறகுதான் விற்பாள்.

அவள் புருஷனுக்கு அந்தப் பெயர் தொண்டையில் சிக்கிய முள். வெளியூரில் இருந்த தன் அக்காவிடம், நடுவிலிருக்கும் பூச்சியை விழுங்கிவிட்டு 'மூட்டைச் சந்தை' என்று சொல்லி வைத்திருந்தார். மூட்டை மூட்டையாகச் சரக்கு இறங்குகிற மொத்த வியாபாரம் என்று அக்காவும் தன் பங்குக்குப் பரப்பியிருந்தார். அந்த அக்கா ஒரு மாதம் வந்து தங்கப்போவதாகக் கடிதம் வந்ததும் மனிதர் ஆடிப்போனார். அக்கா வருவதற்குள் கடையை விட்டுவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பன்னிரண்டு வருஷத்துக் கடை. மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள், கடைசியில் இந்த ஞாயிறோடு சரி என்று தலையாட்டினாள்.

அந்த ஞாயிறு ஒரு வண்டி வந்து நின்றது. மேலே தேக்குக் கட்டில். பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு அம்மாள். முக்காடு விலகியதும் பார்த்தால், நாத்தனார். தன் ஊரில் விற்றால் மானம் போகுமென்று, பழைய கட்டில் எங்கே எடுப்பார்கள் என வண்டிக்காரனிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

கட்டில்காரம்மா கட்டிலைக் கவிழ்த்துக் கொதிநீர்க் கெண்டியைச் சாய்த்தாள். சினிமா விட்ட கூட்டம் மாதிரி வெளியே வந்தன.

"தம்பி மூட்டைச் சந்தைன்னுதானே சொன்னான்?"

"ஆமா அண்ணி. பூச்சி நீங்க கொண்டு வந்தது."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டே, அது போய்ச் சேர்ந்த தன் வீட்டுக்காரர் படுத்த கட்டில் என்றும், பூச்சிக்கடியில் ஆறு மாதமாகத் தூக்கமில்லை என்றும், ஆனாலும் விற்க மனசு வரவில்லை என்றும் சொன்னார். விற்க வேண்டாம், சாயங்காலத்துக்குள் சுத்தம் செய்து தருகிறேன் என்றாள் இவள். இன்றோடு கடைக்கு முழுக்கு என்பதையும் மறைக்கவில்லை.

வீட்டில் தம்பியை எதிரே உட்கார வைத்தார் அக்கா.

"கடை வேண்டாம்னா, என் கட்டில்ல இருந்ததையெல்லாம் உன் படுக்கையில கொட்டிடறேன். அதுங்களுக்கும் போக்கிடம் வேணும் இல்ல?"

அடுத்த ஞாயிறு காலையில் கட்டில்காரம்மா கடைக்குக் கிளம்பியபோது புருஷன் வாசல் வரைக்கும் வந்து குடையைக் கொடுத்துவிட்டுப் போனார்.