பூட்டிய வீடுகளுக்குத் தாகமில்லை

ஜெரினாவுக்கு வேலை போகப் போகிறது என்று எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். நாங்கள் அதைக் காதோடு காதாகப் பேசிக்கொண்டோம். அவர் மட்டும் டீக்கடையில் நின்று சத்தமாகவே பேசினார்.

காரைக்குடியில் ஒரு குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் நான் உதவியாளர். நிரந்தர வேலை, அதனால் வாய் கொஞ்சம் நீளம். ஜெரினா திட்ட அலுவலர். பதவியின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், ஒப்பந்த ஊழியர்தான். ஒவ்வொரு மார்ச்சிலும் இயக்குநர் குருநாதன் கையெழுத்துப் போட்டால்தான் ஏப்ரலில் சம்பளம். அமராவதிபுதூரில் ஒரு வாத்தியாருக்கு மகளாகப் பிறந்து, சிவில் என்ஜினீயரிங் முடித்தவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய்க் குழாய்களைத் திறந்து பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் வசவு விழும். வாங்கிக்கொள்வார், நியாயமில்லாவிட்டால் திருப்பியும் கொடுப்பார். அதற்கப்புறம்தான் அந்த ஊரில் வேலை நடக்கும்.

போன வருடம் ஏஐ வந்தது. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், அறிக்கை எழுதுவது, தண்ணீரைப் பங்கிடுவது, புகாருக்குப் பதில் சொல்வது எல்லாவற்றையும் இனி அது பார்த்துக்கொள்ளும், அலுவலர்கள் சுமையிலிருந்து விடுபடலாம் என்று திரையில் படம் போட்டு விளக்கினார். எங்களை விடுவித்து எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்று ஜெரினா கேட்டார். பயிற்சியாளர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவே இல்லை.

ஏஐயை நான் கரித்துக்கொட்ட மாட்டேன். ஒரு வாரம் நான் முக்கி முனகி எழுதும் அறிக்கையை டீ ஆறுவதற்குள் எழுதிவிடுகிறது, அதுவும் என்னைவிட நல்ல தமிழில். கோளாறு வந்தது கோவிலூர் தாண்டி இருக்கும் ஒரு ஊரில். அங்கே முன்தெரு முழுக்கச் செட்டியார் வீடுகள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் வீடுகள். சொந்தக்காரர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோர்களுக்குப் படைப்பு என்றால்தான் பூட்டைத் திறப்பார்கள். வீட்டுக்கு வீடு குழாய் உண்டு, மீட்டர் உண்டு. மீட்டர் ஓடுவதில்லை.

ஏஐ அந்த மீட்டர்களைப் பார்த்தது. இவ்வளவு கொஞ்சமாகக் குடிக்கும் ஊருக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று முடிவு கட்டி, மோட்டார் ஓடும் நேரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டது. அதே மோட்டாரை நம்பிப் பின்தெருவில் குடும்பம் குட்டியோடு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் குழாயில் காற்றுதான் வந்தது. பூட்டிய வீடு தண்ணீர் குடிக்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் அலுவலகத்தில் மட்டும் அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது.

பின்தெருப் பெண்கள் புகார் கொடுத்தார்கள். தேவைக்கேற்ற தண்ணீர் வழங்கப்படுகிறது, புகாரை முடித்துவிடலாம் என்று ஏஐ எழுதியது. ஆனால் ஒப்புதல் என்ற பொத்தானைக் கடைசியில் ஒரு மனிதர் அழுத்த வேண்டும். அந்த ஊருக்கு அந்த மனிதர் ஜெரினா. அவர் அழுத்தவில்லை. ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மோட்டார் நேரத்தைக் கூட்டுங்கள் என்றார். அதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும், மார்ச் முடிவதற்குள் திரையில் ஒரு புகார்கூடச் சிவப்பாக நிற்கக் கூடாது என்றார் குருநாதன். அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி. அதற்காக அவர் பேசியதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

“ஒரு பொத்தான்தானே ஜெரினா. அழுத்திட்டுப் போங்க. உங்க பணி நீட்டிப்பு ஃபைல் என் மேஜையிலதான் கிடக்கு.”

“தண்ணி வரலைன்னு என் கண்ணால பார்த்துட்டு வந்திருக்கேன் சார். வருதுன்னு நான் எப்படி அழுத்துவேன்? வேணும்னா நீங்க அழுத்திக்கங்க.”

குருநாதன் அழுத்தினார். ஜெரினாவின் ஃபைல் மேஜையிலிருந்து அலமாரிக்குப் போனது.

எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம். ஜெரினாவின் கணவர் மரிய ஜெரால்டு மானாவாரி நிலத்தோடு மல்லுக்கட்டுகிறவர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். வீடு ஓடுவது இந்தச் சம்பளத்தில்தான். அழுத்தித் தொலைத்திருக்கலாமே என்று ஜெரினாவிடமே கேட்டேன். எழுதுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அது செய்துவிட்டுப் போகட்டும், ஊருக்குள் போய் நின்று பதில் சொல்வதுதான் என் கையில் மிச்சம் இருக்கிற வேலை, அதையும் நானே விட்டுக்கொடுத்தால் அப்புறம் என்னை எதற்கு வைத்துக்கொள்வார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

மார்ச் கடைசியில் ஒரு நாள் காலை, பின்தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு திருப்பத்தூர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் பஸ்கள் வரிசை கட்டி நின்றன. போலீஸ் பேசிப் பார்த்தது. தண்ணீர் ஆபீஸ் ஜெரினா மேடம் வந்து சொன்னால்தான் எழுந்திருப்போம் என்றார்கள். குருநாதன் உடனே ஜெரினாவுக்குப் போன் போட்டார். குரலில் தேன் ஒழுகியது. நாலு நாளில் தண்ணீர் வரும் என்று வாக்குக் கொடுத்து எழுப்பிவிடுங்கள், ஃபைலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஜெரினா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. போகிறேன் என்றார்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து போன் வந்தது. குருநாதன் ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

“நான் வாக்குக் கொடுக்கல சார். ஏப்ரல்ல நான் இருப்பேனான்னு எனக்கே தெரியாது, அவுகளுக்கு என்னன்னு சொல்றது? தண்ணி வருதுன்னு ஒப்புதல் கொடுத்தது யாருன்னு கேட்டாக. நீங்கன்னு சொல்லிட்டேன். வாங்க சார்.”

போனோம். ரோட்டில் விழுந்த புளியமர நிழலில், பெண்களுக்கு நடுவே, மடியில் யாருடைய குடத்தையோ வைத்துக்கொண்டு ஜெரினா உட்கார்ந்திருந்தார். குருநாதன் காரிலிருந்து இறங்கியதும் பொன்னுத்தாயி என்ற அம்மாள்தான் முதலில் பேசினார்.

“வருதுன்னு சொன்னது நீங்கதானா? எங்க வீட்டுக் குழாய எப்ப வந்து பார்த்தீக?”

பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. குருநாதன் தள்ளிப் போய், மோட்டார் ஓட்டும் தேனப்பனைக் கூப்பிட்டு, திரையில் என்ன காட்டினாலும் சரி, நீங்களே போட்டுவிடுங்கள் என்றார். மேலிடத்து அனுமதி கேட்ட காரியம் ஒரு போனில் முடிந்தது. அப்புறம் எல்லாரும் எழுந்திருங்கள் என்று கையைக் காட்டினார். குழாயடியில் மகளை நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன், தண்ணீர் வந்ததும் அவள் போன் பண்ணுவாள், அப்புறம் எழுந்திருக்கிறோம் என்றார் பொன்னுத்தாயி.

குருநாதன் ஜெரினாவிடம் குனிந்தார்.

“உங்களுக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா?”

“வேணும் சார். அதான் உக்காந்திருக்கேன்.”

பொன்னுத்தாயி தன் குடத்தை நகர்த்தி இடம் விட்டார்.

“தண்ணி ஏற நேரமாகும். வெயில்ல நிக்காதீக. இங்குட்டு வந்து உக்காருங்க.”

குருநாதன் பஸ்களைப் பார்த்தார். போலீஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு பேண்ட்டை முழங்கால் பக்கம் லேசாகத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஜெரினாவுக்குப் பக்கத்தில் தார் ரோட்டில் உட்கார்ந்தார்.