விக்ரோறியா கொடுக்க மறுத்த படம்

விக்ரோறியாவை எனக்குப் பதினொரு வருடமாகத் தெரியும். ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருவருக்கும் வேலை. அவளுக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். ஆனால் புருஷனைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டாள். அவள் வீட்டு வரவேற்பறையில் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. யாராவது கேட்டால், "ஓம், அவர்தான் பெனடிக்ற். வருவார்" என்பாள். அவ்வளவுதான்.

2009 மே மாதம், சண்டை முடிந்து சனம் வெளியே வந்தபோது, விசாரணை என்று ஆமிக்காரர் வரிசையிலிருந்து கூட்டிப்போன ஆட்களில் பெனடிக்றும் ஒருவர். மகள் ஜனுஷாவுக்கு அப்போது ஐந்து வயது. அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. விக்ரோறியா ஏறாத அலுவலகம் கிடையாது. கடைசியில் தமையன் கூப்பிட்டு ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தாள்.

நவம்பர் இரண்டாம் தேதி அவளுடைய கத்தோலிக்கக் கோயிலில் இறந்தவர்களின் பெயர் வாசித்துப் பூசை வைப்பார்கள். தாய், தகப்பன், கொழுந்தன் எல்லாருடைய பெயரையும் எழுதிக் கொடுப்பாள், பெனடிக்றுடையதைத் தவிர. நான் என் பாட்டில் இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா கிடக்காதே! "இன்னும் எத்தனை வருசத்துக்கு இப்பிடி? அவற்ற பேரையும் எழுதிக் குடுமன்" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை.

ஜனுஷா இங்கேதான், ஆல்பனியில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். ஸ்பானிஷ் எடுத்தாள். "அதைப் படிச்சு இஞ்ச ஆரோட கதைக்கப்போறாய்?" என்று பகிடி பண்ணினேன். அவளோ ஆறு மாதம் மெக்சிகோவுக்கே போய்விட்டாள். ஒஹாக்கா என்ற ஊரில், லூப்பே என்ற அம்மாவின் வீட்டில், நாலு வெளிநாட்டுப் பிள்ளைகள். காலையில் வகுப்பு, பின்னேரம் சந்தைக்குப் போய் விலை பேசிப் பழகுவது. இங்கே தாய்க்காரி மகளின் கட்டிலில்தான் படுக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை, நான் கண்டுபிடித்தேன்.

இந்த முறை அந்த இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து என்னையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். கறியைக் கிளறிக்கொண்டிருக்கும்போது ஜனுஷா வீடியோவில் வந்தாள். அங்கே இன்னும் முதலாம் தேதி சாயங்காலம்.

"அம்மா, அன்ரி, இஞ்ச பாருங்கோ!"

மேசை நிறைய மஞ்சள் செவ்வந்தி. மெழுகுதிரி, பாண், பழம், நடுவில் படங்கள். செத்தவர்கள் இன்றிரவு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவார்களாம். வருடா வருடம் இப்படித்தானாம். படிக்க வந்த பிள்ளைகளும் தங்கள் தங்கள் ஆட்களை வைத்திருக்கிறார்கள். ஜேர்மன்காரி ஒருத்தி தன் நாயின் படத்தை வைத்திருக்கிறாள். நான் சிரித்துவிட்டேன்.

"அம்மா, அப்பாவின்ர படத்தை அனுப்புங்கோ. நானும் வைக்கப்போறன்."

விக்ரோறியா அகப்பையைக் கீழே வைத்தாள். "செத்த நாயோட என்ர மனுசனை வைக்கப்போறியோ? அவர் செத்ததை நீ கண்டனியோ?"

"பிள்ளையில ஏன் பாயுறீர்?" என்றேன்.

"நீங்கள் பேசாம இருங்கோ அக்கா!"

ஜனுஷா அழத் தொடங்கிவிட்டாள். "நானும் காணேல்ல அம்மா. எனக்கு அவற்ற குரல்கூட ஞாபகமில்லை. நீங்கள் வருவார் வருவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறீங்கள். உங்களுக்கு நினைக்க ஒரு ஆள் இருக்கு. எனக்கு ஒண்டுமே இல்லை. ஒரு இரவுக்கு எண்டாலும் என்னட்ட வரட்டுமே."

விக்ரோறியா போனை வெட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் போய்ச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, என் முன்னால் பிடித்தாள். "எடுங்கோ அக்கா." என் போனில் எடுத்தேன்; கண்ணாடியில் வெளிச்சம் அடித்து முதல் படம் சரிவரவில்லை. இரண்டாவதை அனுப்பினோம்.

கொஞ்ச நேரத்தில் ஜனுஷா திரும்ப வந்தாள். பின்னால் லூப்பே அம்மா ஏதோ ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டு நின்றார்.

"அம்மா... உயிரோட இருக்கிற ஆக்களின்ர படத்தை வைக்கக்கூடாதாம். வைச்சா செத்த ஆக்கள் வந்து அவையையும் கூட்டிக்கொண்டு போயிடுவினமாம். இதில நீங்களும் நிக்கிறீங்கள். வேற படம் இருக்கோ?"

வேறு படம் எங்கே இருக்கிறது? பதுங்குகுழிக்கும் தறப்பாள் கூடாரத்துக்கும் தப்பி வந்தது அந்த ஒன்றுதான்.

"இல்லை" என்றாள் விக்ரோறியா. பிறகு, "என்னை வெட்டிப்போட்டு அவரை வை."

பதினாறு வருடம் ஒரு பூசைக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷி! இதை ஒத்துக்கொள்ளச் சொல்லித்தானே நான் முன்பு கேட்டேன்? இப்போது ஒத்துக்கொண்டதும் வேண்டாம் என்று கத்தவேண்டும்போல் இருந்தது.

"அப்பாவுக்கு என்னம்மா விருப்பம்? சாப்பாடும் வைக்கோணும்."

"தேத்தண்ணி வை. நாலு கரண்டி சீனி போட்டு. குறைஞ்சா குடிக்கமாட்டார்."

ஜனுஷா சந்திக் கடையில் அச்சடித்துக்கொண்டு வந்து அரை மணித்தியாலத்தில் காட்டினாள். கண்ணாடிக் கோப்பைக்கும் செவ்வந்திக்கும் நடுவில் பெனடிக்ற் தனியே நின்றார். கோட்டு முழங்கையில் நாலு பெண் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. உங்கட கையை வெட்டினால் அவற்ற கையும் போகுது. விரல் மட்டும் எண்டால் பரவாயில்லையாம். ஒரு பூவால மறைக்கட்டோ?"

விக்ரோறியா போனை இரண்டு கையாலும் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள்.

"மறைக்காதை பிள்ளை. பிடிச்சபடி கிடக்கட்டும்."