மாஃபி சொன்ன மெஷின்

மெஷின் ஒழுங்காக ஓடினால் யாருக்கும் நம் பெயர் தெரியாது, நின்றால் ஊருக்கே தெரியும், ஐ.டி. டியூட்டியில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாயிரங்களில், துபாய்க்குப் பக்கத்து ராஸ் அல் கைமாவில் ஒரு மருந்து கம்பெனி. வேன் சேல்ஸ்மேன்கள் கையில் இருந்த, ஆர்டர் அனுப்பும் குட்டி மெஷின்களுக்கு நான்தான் வைத்தியர்.

கேட்கத் தெரிய வேண்டும்

குடோனில் எந்த மருந்து எத்தனை இருக்கிறது என்று ஆபீஸின் சிக்னல் டவர் ஓயாமல் ஒலிபரப்பும். பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு மாதிரி எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொள்ளும். மெஷின் ஆபீஸுக்குத் திருப்பிப் பேசும் பாதைதான் ஒல்லி. ஆர்டர் ஒவ்வொன்றாகத்தான் போகும். சேல்ஸ்மேன்களில் ஒருவரான புதுக்கோட்டை முருகேசனுக்கு இது பிடிபடவே மாதக்கணக்கானது. கடைசியில் அவரே எனக்குப் பாடம் எடுத்தார்: “அண்ணே, இது நாம கேட்டா சொல்லாது. அது சொல்றப்ப நாம கேட்டுக்கணும், நம்ம மேனேஜர் மாதிரி.”

குத்து குத்தென்று

குவாரிப் பக்கம் சிக்னல் மோசம். பதில் வராத கடுப்பில் முருகேசன் ஒரே ஆர்டருக்குப் பட்டனைக் குத்தித் தள்ளிவிட்டார். குடோனே காலியாகியிருக்கும் என்று பதறிப்போய் சர்வரைப் பார்த்தேன். ஒரே ஒரு ஆர்டர்தான் பதிவாகியிருந்தது. திரும்பத் திரும்ப வந்தது ஒன்றேதான் என்று அது கண்டுபிடித்துவிட்டது. அசந்துபோனேன். முருகேசன் சொன்னார்: “எனக்கு இருக்கிற அவசரம் அதுக்கு இல்ல அண்ணே, அதான் தப்பிச்சேன்.”

கடைசிப் பெட்டி

ஒரு மத்தியானம் குவாரி கேம்ப் கிளினிக்கில் முருகேசன் மருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, பாம்பு கடித்த தொழிலாளி ஒருவரைத் தூக்கி வந்தார்கள். அங்கே விஷமுறிவு மருந்து இல்லை. மெஷினில் ‘ஸ்டாக் ஒன்று’ என்று காட்ட, முருகேசன் உடனே அமுக்கினார். அதே நேரத்தில் டவுனில் இன்னொரு சேல்ஸ்மேன் அந்தோணியும் பெரிய ஆஸ்பத்திரிக்காக அதே பெட்டிக்கு அமுக்கியிருக்கிறார். அந்தோணியின் ஆர்டர் முந்திவிட்டது. முருகேசனின் மெஷின், ‘ரத்து. ஸ்டாக் இல்லை’ என்று சொல்லிவிட்டது; அந்த ஊர் அரபியில் சொன்னால் ‘மாஃபி’.

கிளினிக் நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர், கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், அரை நொடி யோசிக்கவில்லை. ஆளை முருகேசன் வேனிலேயே ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அங்கே வாசலில் அந்தோணி, குடோனிலிருந்து எடுத்து வந்த அதே பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். முருகேசன் போனில் இதைச் சொன்னபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார்.

மறுவாரம் சிஸ்டர் அந்த மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “இல்லன்னு உடனே சொல்லிச்சு சார், அதான் கிளம்பினோம். வரும் வரும்னு இழுத்திருந்தா, அந்த ஆளைக் கட்டில்லயே வச்சுக் காத்துக்கிட்டு இருந்திருப்பேன்.”

லீவு கேட்டாலும் சம்பளம் கேட்டாலும் ‘நாளைக்கு வா’ என்றே கேட்டுப் பழகிய நமக்கு, இல்லாததை அந்த நிமிஷமே ‘மாஃபி’ என்று சொன்னது கல்ஃபிலேயே அந்த மெஷின் ஒன்றுதான்.