எண்ணெய்க் கப்பலில் போன அப்பா

பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தால் எழுந்து போகிறவள் நான். நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். சிரித்துவிட்டுப் போங்கள், நடந்தது நடந்ததுதான்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் எண்ணெய்க் கப்பலில் வேலைக்குப் போன அப்பா திரும்பவில்லை. நான் அப்போது அம்மாவின் வயிற்றில். கப்பலைக் காணவில்லை என்று மட்டும்தான் அம்மாவுக்குச் சொன்னார்கள். அதையே பிடித்துக்கொண்டு நாற்பது வருடத்துக்கு மேலாக அவர் பொட்டை அழிக்கவில்லை. "உயிரோடை இருக்கிற மனிசனுக்கு ஆரும் படைக்கிறதோடி?" என்று ஒரே பிள்ளையான என்னை ஆடி அமாவாசை விரதம் பிடிக்கவும் விட்டதில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்த பிறகுதான், அதே கப்பலில் இருந்து தப்பின ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எனக்கு விஷயத்தைச் சொன்னார். நீர்மூழ்கி அடித்து, கடலெல்லாம் எண்ணெய் பரவி, நீந்தினவர்களும் அதை விழுங்கியே செத்தார்களாம். அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை.

எண்பத்தொன்பதாம் ஆண்டோ தொண்ணூறோ, அந்த ஆடி அமாவாசைக்கு ஆர்ச்வே கோயிலில் மோட்ச விளக்கு ஏற்றிவிட்டு, தோர்ண்டன் ஹீத் வீட்டுக்கு வந்து, அம்மா மேலே நித்திரை என்று பார்த்து, களவாக, அமாவாசைப் படையலுக்கென்றே சமைக்கிற காத்தோட்டிக்காய்க் கறியோடு முன்னறையில் இலை போட்டுப் படைத்தேன். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். பட்டப்பகல். உச்சந்தலையில் யாரோ கை வைத்தார்கள். திரும்பினால் ஒருவருமில்லை.

மேலேயிருந்து அம்மா கத்தினார். "பிள்ளை, துவாயைக் கொண்டா! கொப்பர் வந்து நிக்கிறார், வாயெல்லாம் எண்ணை, சோறு இறங்குதில்லையாம்!"

நான் படைத்ததே தெரியாத மனுஷி! ஓடினேன். அம்மா கட்டிலில் இருந்து அழுதபடி, தன் கையாலேயே பொட்டை அழித்துக்கொண்டிருந்தார்.

"உன்னைக் கண்டவராம். வயித்திலை விட்டிட்டுப் போன பிள்ளை இதுவோ எண்டு கேட்டு, தலையைத் தடவினவராம்."

தலையில் கை வைத்துப் பார்த்தேன். கறுப்பாக, பிசுபிசுவென்று எண்ணெய்.

என்னைக் கட்டின மனுஷர் இன்றைக்கும் சொல்கிறார், "நீர் பெற்றோல் செட்டிலை நிக்கிறனீர், அங்கை ஒட்டியிருக்கும்." ஐயோ, விரதமென்று லீவு போட்டு, விடிய முழுகின தலையப்பா அது!

அம்மாவும் போய்விட்டார். நான் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் படைத்துவிட்டுக் கதவடியில் நிற்கிறேன். அந்தக் கை வருகிறது, அதற்கு எனக்குப் பயமில்லை. ஆனால் இத்தனை வருடம் படைத்தும், அந்தக் கையில் எண்ணெய் இன்னும் போகவில்லை.