கப்சாக்காரர் சொன்ன உண்மை

படகோட்டிக்குப் பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கெல்லாம் அவர் கப்சாக்காரர்தான். கரைக்கு எதிரே ஒரு குட்டித் தீவு. நோய் கண்ட கப்பல்களை அந்தக் காலத்தில் அங்கேதான் நிறுத்திவைப்பார்கள். பிழைத்தவர்கள் ஊருக்குள் வந்தார்கள், பிழைக்காதவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இப்போது கல்லறைகளைத் தவிர அங்கே யாருமில்லை.

இத்துனூண்டு வரலாறு கப்சாக்காரருக்கு எப்படிப் போதும்? சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கல்லறைக்கு ஒரு கதை அளந்துவிடுவார். ஓரத்தில் இருந்தது சமையல்காரனாம். தான் வைத்த குழம்பைத் தானே ருசி பார்த்துச் செத்தவனாம். படகில் இருக்கும் மனைவி அங்கிருந்தே, "நம்பாதீங்க!" என்று குரல் கொடுப்பார். கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும்.

கல்லில் வெட்டிய எழுத்தைப் படித்து மடக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து, எழுத்தையெல்லாம் அடைத்துவைத்த புண்ணியவானும் அவர்தான்.

ஒருநாள் ஒரு டீச்சரம்மா வந்தார். சமையல்காரன் கதைக்கு அவரும் சிரித்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எங்க அத்தை இங்கதான் இருக்காங்க. கப்பல்ல வந்தப்போ ஆறு வயசு. அப்பா இப்போ படுத்த படுக்கையா இருக்காரு. அக்கா எங்க இருக்கான்னு பாத்துட்டு வான்னு ஒரே பிடிவாதம். எந்தக் கல்லுங்க?"

கப்சாக்காரர் வெள்ளையடித்த கற்களை மாறி மாறிப் பார்த்தார். மனைவி, படகின் அடியில் பாசி சுரண்டும் தகட்டை எடுத்து வந்து அவர் கையில் திணித்தார்.

"அடிச்சவரே சுரண்டுங்க."

மத்தியானம் முழுக்கச் சுரண்டினார். அவர் தளபதி என்று சொல்லிவந்தவர் தையல்காரராகிப் போனார். கடைசியாக ஓரத்துக் கல். சுண்ணாம்பு உதிர்ந்ததும் ஒரு சிறுமியின் பெயர் வந்தது, அதன் கீழே வயது ஆறு.

டீச்சரம்மா கல்லைத் தடவித் தடவி அழுதார். கப்சாக்காரர் கூனிக்குறுகி நின்றார்.

"மன்னிச்சிடுங்கம்மா."

"பரவால்லங்க. இனிமே வர்றவங்ககிட்ட அவளைப் பத்திச் சொல்லுங்க, போதும்."

அடுத்து வந்த கூட்டத்திடம் சொன்னார். "இங்க ஆறு வயசுப் பொண்ணு ஒண்ணு தூங்குது. தம்பி இன்னும் அவளை நெனச்சுக்கிட்டிருக்காரு."

"ராத்திரியில எழுந்து வந்து தம்பியைத் தேடுமா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கப்சாக்காரர் அதிசயமாக ஓர் உண்மையைச் சொல்லியிருக்கிறார், நம்பத்தான் ஆளில்லை. பாவமாக இருந்தது அவரைப் பார்க்க.

படகிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"இதை நம்புங்க."